சிற்றூரில் சமூக நல உதவிகளைத் தேடிக் கண்டடைவது எப்படி?

பெருநகரத்தில் ஓர் உதவி தேவைப்பட்டால் அதற்கென்று ஒரு கட்டடமும், அதன் முகப்பில் ஒரு பெயர்ப்பலகையும் இருக்கும். சிற்றூரில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட தாயைத் தனியாகக் கவனித்துவரும் ஒருவர், முதியோர் நலனுக்கான அலுவலகம் எதுவும் தம் ஊரின் இரண்டு மூன்று தெருக்களில் இல்லாததைக் கண்டு, அப்படியொரு சேவையே தமக்குக் கிடையாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். பல வேளைகளில் அந்த முடிவு தவறானது. அந்த ஊருக்குப் பொறுப்பான அலுவலர் வேறோர் ஊரில் அமர்ந்திருப்பார். அவருடைய பதிவேட்டில் இந்த ஊரின் பெயரும் இருக்கும். அந்தச் செய்தி மட்டும் இங்கே வந்து சேர்ந்திருக்காது.

ஆகவே தேடத் தொடங்குகிறவர் முதலில் தம் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும். "எங்கள் ஊரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் "ஒன்றும் இல்லை" என்ற பதிலே கிடைக்கும். "எங்கள் ஊர் யாருடைய எல்லைக்குள் வருகிறது?" என்று கேட்டால் ஒரு பதவியின் பெயரோ அலுவலகத்தின் பெயரோ கிடைக்கும். இந்தக் கட்டுரை முழுவதும் இரண்டாவது கேள்வியைப் பின்தொடர்கிறது.

எல்லைகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு துறையும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்கிறது. அந்த எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் ஒரே வீடு ஓர் ஊராட்சி, ஓர் ஊராட்சி ஒன்றியம், ஒரு வருவாய் வட்டம், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பகுதி, ஒரு காவல் நிலையத்தின் சரகம், ஓர் அங்கன்வாடி மையத்தின் பகுதி என ஆறு வட்டங்களுக்குள் ஒரே நேரத்தில் அடங்கியிருக்கும். முதியோர் உதவித்தொகைக்கான மனு வட்டாட்சியர் அலுவலகத்தைச் சேர்ந்தது. கைக்குழந்தையின் எடைக் கண்காணிப்பும் இணை உணவும் அங்கன்வாடியைச் சேர்ந்தவை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை நாட வேண்டும். இலங்கையில் கிராம உத்தியோகத்தர் பிரிவும் அதற்கு மேலே பிரதேச செயலகமும் இருக்க, சுகாதாரத் துறை சுகாதார மருத்துவ அதிகாரி பிரிவு என்ற தன் சொந்தப் பிரிப்பை வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் இரண்டடுக்கு உள்ளாட்சி நடைமுறையில் உள்ள பகுதிகளில், முதியோர் பராமரிப்பு மேலடுக்கான கவுன்டி மன்றத்தின் பொறுப்பு. வீட்டுவசதி கீழடுக்கான மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. வீடில்லாமல் தவிக்கும் முதியவர் ஒருவருக்காக அலைகிறவர் இரண்டு மன்றங்களின் கதவையும் தட்ட வேண்டியிருக்கும்; ஒன்றில் "எங்களுக்குத் தொடர்பில்லை" என்று சொன்னால், அது பொய்யாகவும் இருக்காது, முழு உண்மையாகவும் இருக்காது.

இதற்கு ஒரு தாள் போதும். மேலே முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அதன்கீழ் உள்ளாட்சி, வருவாய் அல்லது பொது நிர்வாகம், சுகாதாரம், காவல், கல்வி, சமூக நலம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் முகவரி எந்த அலுவலகத்தின்கீழ் வருகிறது, அந்த அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்பதை நிரப்புங்கள். உள்ளாட்சி எழுத்தரிடமோ பள்ளித் தலைமையாசிரியரிடமோ ஒரு முறை உட்கார்ந்து பேசினால் பாதித் தாள் நிரம்பிவிடும். மாவட்ட எல்லையிலோ மாநில எல்லையிலோ அமைந்த ஊர்களுக்கு இந்தத் தாள் இன்னும் முக்கியமானது. அங்கே மிக அருகில் உள்ள அலுவலகம் பெரும்பாலும் உங்களுக்கு உரிய அலுவலகமாக இருக்காது. அருகில் உள்ளதற்குப் போய் வரிசையில் நின்று திரும்புகிறவர்களின் முழு நாள் கூலி இப்படித்தான் வீணாகிறது.

தேவையைச் சொல்லாக்குதல்

"ஏதாவது உதவி கிடைக்குமா?" என்ற கேள்விக்கு எந்த அலுவலராலும் பயனுள்ள விடை தர முடியாது. யாருக்கு, என்ன குறை, எப்போதிலிருந்து, இதுவரை என்ன செய்தீர்கள் என்ற நான்கும் அடங்கிய இரண்டு மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. "என் தந்தைக்கு வயது 74, பக்கவாதம் வந்து நான்கு மாதமாகிறது, வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி தருகிறவர் வேண்டும், மருத்துவமனையில் கேட்டதற்கு அவர்கள் தருவதில்லை என்றார்கள்" என்று சொன்னால், கேட்கிறவர் எந்தப் பக்கம் கைகாட்டுவது என்று உடனே யோசிக்கத் தொடங்குவார்.

ஒரு குடும்பத்தின் துன்பம் ஒரே முடிச்சாகத் தெரிந்தாலும் அதற்குள் பல இழைகள் இருக்கும். கணவரை இழந்த பெண்ணுக்குப் பணம், இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் படிப்பு, சொத்துத் தகராறு, மனச்சோர்வு என ஐந்து தேவைகள் இருக்கலாம். அவை ஐந்து வெவ்வேறு வாசல்களுக்கு உரியவை. எதை முதலில் எடுப்பது என்ற குழப்பம் வந்தால், மற்றவற்றுக்கு ஆதாரமாகக் கேட்கப்படும் ஆவணத்திலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை. இறப்புச் சான்றிதழ் கையில் இல்லாமல் உதவித்தொகை மனுவும் நகராது, வாரிசுச் சான்றிதழும் நகராது.

உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருக்குமானால் இந்த ஒழுங்கெல்லாம் பொருந்தாது. இந்தியாவில் 112, இலங்கையில் ஆம்புலன்சுக்கு 1990, காவல்துறைக்கு 119, பிரிட்டனிலும் மலேசியாவிலும் 999, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911 ஆகியவை அவசர எண்கள். ஆபத்து தணிந்த பிறகு தாளுக்குத் திரும்பலாம்.

ஒரு தொலைபேசி எண் எவ்வளவு தூரம் உதவும்

சிற்றூர்வாசிக்குத் தொலைபேசி உதவி எண்கள் நகரவாசியைவிட அதிகப் பயன் தருகின்றன. ஏனெனில் அவற்றின் பட்டியல் ஊர்ப் பெயரால் அன்றி எல்லையால் தொகுக்கப்படுகிறது. இவ்வகையில் வட அமெரிக்காவின் 211 நல்ல முன்மாதிரி. 1997இல் அட்லாண்டாவில் தொடங்கிய இந்த எண், 2000இல் அமெரிக்கா முழுமைக்கும் சமூக சேவைத் தகவலுக்கென ஒதுக்கப்பட்டது. பின்னர் கனடாவுக்கும் பரவியது. அழைப்பவர் துறையின் பெயரையோ திட்டத்தின் பெயரையோ அறிந்திருக்க வேண்டியதில்லை. தேவையையும் இருப்பிடத்தையும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பொருத்திப் பார்ப்பார். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்கலாம். கனடாவின் ஒன்டாரியோவில் தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அந்த ஏற்பாடு உண்டு.

இந்தியாவில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே எண்ணுக்குப் பதிலாகத் தேவைவாரியான எண்கள் உள்ளன. குழந்தைகளுக்கு 1098, இது 1996இல் மும்பையில் தொடங்கியது. பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, இலவசச் சட்ட உதவிக்கு 15100. இலங்கையில் குழந்தைகள் பாதுகாப்புக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநலத்துக்கு 1926. மலேசியாவில் 15999 என்ற அன்பு இணைப்பு எண் குடும்ப வன்முறை முதல் ஆதரவற்ற முதியோர் வரை பலவற்றையும் கையாள்கிறது. இங்கிலாந்தில் அவசரமற்ற மருத்துவ வழிகாட்டலுக்கு 111 உண்டு. கடன், வாடகை, வேலை, சலுகை போன்றவற்றுக்குக் குடிமக்கள் ஆலோசனை அமைப்பின் கிளைகளை நாடலாம். அவை 1939 செப்டம்பர் 4ஆம் நாள், அதாவது போர் அறிவிக்கப்பட்டதற்கு மறுநாள், இருநூறு அலுவலகங்களுடன் தொடங்கின.

அழைக்கும்போது மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். இந்த அஞ்சல் குறியீட்டில் வசிப்பவர்களை அந்த நிறுவனம் ஏற்றுக்கொள்கிறதா? அவர்கள் இங்கே வருவார்களா, நாங்கள் அங்கே போக வேண்டுமா, தொலைபேசியிலேயே முடியுமா? அவர்களால் முடியாவிட்டால் அடுத்து யாரைக் கேட்பது? மூன்றாவது கேள்விதான் பெரும்பாலோர் கேட்காமல் விடுவது. பட்டியல்கள் பழையனவாகிவிடும், ஆள் மாறும், நிதி நின்று சேவை மூடப்படும். அதனால் பட்டியலில் கண்ட எண்ணை நம்பிப் பேருந்து ஏறுவதற்கு முன்பு அந்த அலுவலகத்துக்கே ஒரு முறை அழைத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வாசலாக இருக்கும் மனிதர்கள்

சிற்றூரில் பெயர்ப்பலகையின் வேலையைச் சில மனிதர்கள் செய்கிறார்கள். வீடு வீடாகச் செல்வதே பணியாகக் கொண்ட முன்களப் பணியாளர்கள் இவர்களில் முதன்மையானவர்கள். இந்தியாவில் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், 2005இல் தொடங்கிய ஊரகச் சுகாதார இயக்கத்தின்கீழ் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அமர்த்தப்படும் ஆஷா பணியாளர் ஆகியோர் இத்தகையவர்கள். இலங்கையில் குடும்ப நல உத்தியோகத்தரும் கிராம உத்தியோகத்தரும் இந்த இடத்தில் இருக்கிறார்கள். பிரேசிலில் சமுதாயச் சுகாதார முகவர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட வீடுகளை முறைவைத்துச் சென்று பார்க்கிறார்கள்.

ஜப்பானின் ஏற்பாடு இவற்றிலெல்லாம் வித்தியாசமானது. அங்கே "மின்செய்-இன்" எனப்படும் நலப் பொறுப்பாளர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். 1917இல் ஒக்கயாமா மாகாணத்தில் ஏழைகளுக்கு ஆலோசனை சொல்லவென்று ஏற்பட்ட ஒரு முறையில் இதன் வேர் இருக்கிறது. 1948இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. மூன்றாண்டுப் பதவிக்காலம், ஊதியம் கிடையாது, அறிந்த செய்தியை வெளியில் சொல்லக் கூடாது என்ற கடமை உண்டு. தனியாக வாழும் முதியவர்களைச் சென்று பார்ப்பதும், தேவையானால் உரிய அலுவலகத்தோடு அவர்களை இணைத்துவிடுவதும் இவர்கள் பணி. இவர்கள் சேவையை நேரில் வழங்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; யாரிடம் போக வேண்டும் என்பதை அறிந்திருப்பதே இவர்களுடைய பயன். நம் ஊர்களிலும் ஒரு செவிலியரிடம் சட்டச் சிக்கலைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அவரால் அதைத் தீர்க்க முடியாது, ஆனால் சென்ற ஆண்டு இதே சிக்கலோடு வந்த இன்னொருவர் எங்கே போனார் என்பதை அவர் அறிந்திருப்பார்.

அரசுப் பணியில் இல்லாத சிலரும் உண்டு: நூலகர், மருந்துக்கடைக்காரர், அஞ்சல்காரர், பள்ளி ஆசிரியர், வழிபாட்டுத் தலத்தின் நிர்வாகி, மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவி. இவர்களில் நூலகரை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். விண்ணப்பப் படிவத்தை அச்செடுக்கவும், அரசிதழைப் பார்க்கவும், கணினியில் பதிவுசெய்யவும் பலர் முதலில் வந்து நிற்கும் இடம் நூலகமாக இருப்பதால், எந்தத் திட்டத்துக்கு இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பது அவருக்கு மற்றவர்களைவிட முன்னதாகத் தெரிந்துவிடும். இதற்காக எவரும் அவருக்கு நன்றி சொல்வதாகத் தெரியவில்லை.

பெற்றவர் வழி பெறுதல்

பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞருக்கு வள்ளல் இருக்கும் ஊரையும், போகும் வழியையும், எப்படி அணுக வேண்டும் என்பதையும், என்ன கிடைக்கும் என்பதையும் எடுத்துச் சொல்வதை நம் பழைய இலக்கியம் ஆற்றுப்படை என்ற பெயரில் ஒரு தனி வகையாகவே வைத்திருந்தது. இன்று ஒரு நல அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு ஒருவரை அனுப்பிவைப்பதை ஆற்றுப்படுத்துதல் என்று சொல்வது மிகப் பொருத்தமான சொல்வழக்கு. வழி சொல்கிறவர் அந்த வழியில் நடந்து திரும்பியவராக இருக்க வேண்டும் என்பதே அந்தப் பாடல்களின் நுட்பம்.

ஆகவே அண்மையில் அதே உதவியைப் பெற்ற ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். அவரிடம் "உங்களுக்குக் கிடைத்ததா?" என்று மட்டும் கேட்டுத் திரும்பினால் பயனில்லை. எந்தக் கிழமையில் அலுவலர் இருப்பார், முதலில் எந்தத் தாளைக் கேட்டார்கள், எந்தத் தாள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், எத்தனை முறை போக வேண்டியிருந்தது, விசாரணைக்கு வீட்டுக்கு வந்தார்களா, வந்தபோது என்ன கேட்டார்கள் என்று படிப்படியாகக் கேட்க வேண்டும். அரசு அறிவிப்பில் "உரிய ஆவணங்களுடன்" என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும் செய்தி, இவர் வாயிலாகப் பெயர் பெயராக விரிந்து வரும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. தகுதி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். இலங்கையில் 1995 முதல் நடந்துவந்த சமுர்த்தி உதவியின் இடத்தில் 2023இல் அஸ்வெசும வந்தபோது, பழைய பட்டியலில் இருந்தவர்களும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்தாண்டுக்கு முன் பெற்றவரின் அனுபவம் வழியைக் காட்டும், விதியைக் காட்டாது. வருமான வரம்பையும் வயது வரம்பையும் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். "உனக்குக் கிடைக்காது" என்று திண்ணையில் சொல்லப்படும் தீர்ப்பைக் கேட்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறவர்கள் ஏராளம். அந்தத் தீர்ப்பை வழங்கும் அதிகாரம் திண்ணைக்கு இல்லை.

எந்தக் கிழமை வருவார்கள்?

சிறிய ஊருக்கு நிரந்தர அலுவலகம் அமைக்க முடியாதபோது சேவையே பயணம் செய்து வரும். மருத்துவ முகாம், நடமாடும் நூலகம், வங்கி முகவர், மாதம் ஒரு முறை அமரும் சட்ட ஆலோசகர், அடையாள அட்டை வழங்கும் சிறப்பு முகாம் என இவற்றின் வகைகள் பல. இந்தியாவில் 1991இல் தொடங்கிய லைஃப்லைன் எக்ஸ்பிரஸ் என்ற மருத்துவமனை ரயிலும், தென்னாப்பிரிக்காவில் 1994 முதல் ஓடும் ஃபெலோஃபெபா மருத்துவ ரயிலும், ஆஸ்திரேலியாவில் 1928இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையும் இந்த எண்ணத்தின் பெரிய வடிவங்கள். இத்தகைய சேவையைத் தேடுகிறவர் கேட்க வேண்டியது "எங்கே?" என்பதைவிட "எப்போது?" என்பதுதான். ஒரு நாள் தவறினால் அடுத்த வாய்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

கால அட்டவணை எங்கே கிடைக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். சுகாதார முகாம் தேதிகள் சுகாதார நிலையத்தின் சுவரிலும், மற்றவை உள்ளாட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகாமுக்கு முந்தைய நாள் அழைத்து, வருகிறார்களா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முகாமில் பதிவு செய்தவர்களுக்குப் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் ஒரு தொடர்சிகிச்சையோ மறுவிசாரணையோ இருக்கும். அந்தத் தாளைத் தொலைத்துவிட்டால் முகாமுக்கு வந்ததே பயனற்றுப் போகும்.

எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் இரகசியம்

சிற்றூரில் உதவி கேட்பதற்குத் தூரத்தைவிடப் பெரிய தடை கூச்சமே என்று கருதுகிறேன். செவிலியர் உங்கள் சித்தியின் மருமகளாக இருக்கலாம். எழுத்தர் உங்கள் வகுப்புத் தோழராக இருக்கலாம். மனநலம், குடிப்பழக்கம், குடும்ப வன்முறை, கடன், பாலியல் நலம் போன்றவற்றில் இந்த நெருக்கம் ஆளைப் பின்வாங்கச் செய்துவிடுகிறது. பின்வாங்குவது புரிந்துகொள்ளத்தக்கது, ஆனால் அதற்கு மாற்று வழிகள் உள்ளன.

தொலைபேசி உதவி எண்களில் பேசுகிறவர் உங்கள் ஊரைச் சேர்ந்தவராக இருக்க வாய்ப்பு குறைவு. பெயரைச் சொல்லாமலும் பல எண்களில் பேசலாம். வேறு ஊரில் உள்ள கிளையை அணுகலாமா என்று நேரடியாகவே கேளுங்கள். மருத்துவமனைகளிலும் சட்ட உதவி மையங்களிலும் பெரும்பாலும் எல்லைக் கட்டுப்பாடு கடுமையாக இருக்காது, உதவித்தொகை அலுவலகங்களில்தான் இருக்கும். உள்ளூரிலேயே பேசியாக வேண்டும் என்றால், பேசத் தொடங்கும் முன்பு, "நான் சொல்வதை யாரிடம் பகிர வேண்டியிருக்கும்?" என்று கேளுங்கள். பொறுப்பான பணியாளர் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். குழந்தைக்கு ஆபத்து என்றால் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை பல நாடுகளில் சட்டப்படி உண்டு. அதை அவர் முன்கூட்டியே சொல்வது நேர்மை.

வன்முறையிலிருந்து தப்ப முயல்கிறவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வீட்டில் பிறரும் எடுக்கும் கைப்பேசியில் அழைப்புப் பதிவு தங்கிவிடும். நம்பிக்கையான ஒருவரின் கைப்பேசியையோ, பள்ளி அல்லது மருத்துவமனையின் தொலைபேசியையோ பயன்படுத்துவதும், திரும்ப அழைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவதும் பாதுகாப்பு. இந்தியாவில் 2015 முதல் மாவட்டந்தோறும் ஏற்படுத்தப்பட்டுவரும் சகி மையங்களில் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவம், காவல் மற்றும் சட்ட உதவி ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கும் வகையில் ஏற்பாடு உள்ளது. 181 மூலம் அங்கே இணைத்துவிடுவார்கள்.

அலுவலகத்தில்

நேரில் போகும்போது மூல ஆவணங்களைக் காட்டுவதற்கும், நகல்களைக் கொடுப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் எவரிடமும் எச்சரிக்கை தேவை. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு பெறாமல் திரும்பாதீர்கள். பேசியவரின் பதவி, நாள், சொன்ன பதில் ஆகியவற்றை வெளியே வந்த உடனே குறித்துவிடுங்கள். அடுத்த முறை வேறொருவர் அந்த நாற்காலியில் இருக்கும்போது அந்தக் குறிப்பே உங்கள் சாட்சி.

"உங்களுக்குத் தகுதி இல்லை" என்று வாய்மொழியாகச் சொன்னால், காரணத்தை எழுத்தில் தருமாறு பணிவோடு கேளுங்கள். எழுத்தில் மறுப்பு இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும். எழுதக் கேட்ட மாத்திரத்திலேயே தகுதி மறுபரிசீலனைக்கு வந்துவிடுவதும் உண்டு. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் பணிகள், அலுவலர்களின் கடமைகள், நலத்திட்டங்களின் பயனாளிகள் பற்றிய விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்துக்குள். இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதே உரிமையைத் தருகிறது. அங்கே முடிவு சொல்ல 14 வேலை நாள்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதால் உரிமையை விட்டுவிட வேண்டியதில்லை. இந்தியாவில் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானத்தைப் பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. வட்ட அளவிலும் இதற்கென ஒரு குழு நீதிமன்ற வளாகத்தில் இயங்குவதால், சிற்றூர்வாசிக்கு இது எட்டாத தொலைவில் இல்லை.

இடைத்தரகர்களைப் பற்றி ஒரு சொல். படிவம் நிரப்பித் தருவதற்குச் சிறு கூலி கேட்பவர் வேறு. "நான் வாங்கித் தருகிறேன்" என்று உதவித்தொகையில் பங்கு கேட்பவர் வேறு. பின்னவர் பெரும்பாலும் நீங்களே செய்யக்கூடியதைத்தான் செய்கிறார். வங்கிக் கணக்கு எண்ணோடு ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். தொண்டு நிறுவனம் என்ற பெயரில் வருகிறவர்களையும் சரிபார்க்க முடியும்: இந்தியாவில் தொண்டு நிறுவனங்கள் பதிவுசெய்துகொள்ளும் அரசின் தர்பன் இணையதளம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறநிலைய ஆணையத்தின் பதிவேடு, கனடாவில் வருவாய்த் துறையின் பட்டியல் ஆகியவற்றில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பதிவு இருப்பது நேர்மைக்குச் சான்று அன்று. ஆனால் பதிவே இல்லாமல் பணம் திரட்டுகிறவரிடம் கேள்வி கேட்க அது போதிய காரணம்.

உண்மையிலேயே இல்லாதபோது

எல்லா வாசலையும் தட்டிய பிறகு, இந்த ஊருக்கு அந்தச் சேவை உண்மையிலேயே இல்லை என்று தெரியவரலாம். அப்போதும் மூன்று வழிகளைப் பார்த்துவிடுங்கள். தொலைபேசி அல்லது காணொளி வழியாக அந்தச் சேவையைப் பெற முடியுமா, பக்கத்து எல்லையில் உள்ள அலுவலகம் விதிவிலக்காக ஏற்றுக்கொள்ளுமா, போய்வரும் பயணச் செலவுக்கு ஏதேனும் ஏற்பாடு உண்டா. கடைசியாகச் சொன்னதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் நெடுநாள் நோயாளிகளுக்கும் பேருந்து, ரயில் கட்டணச் சலுகைகள் பல நாடுகளில் உண்டு.

இல்லை என்ற செய்தியைப் பதிவுசெய்ய வைப்பதும் முக்கியமானது. 211 போன்ற சேவைகள், கேட்டும் கிடைக்காமல் போன தேவைகளைத் தனியாகக் கணக்கெடுக்கின்றன; நிதி ஒதுக்குகிறவர்கள் அந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள். அதனால் பயனற்றுப் போனதாகத் தோன்றும் அழைப்புக்கும் ஓர் இடம் இருக்கிறது. இந்தியாவில் கிராம சபைக் கூட்டத்தில் தேவையைத் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலைத் துறைக்கு அனுப்பலாம். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்டத் தகுதியைத் தந்திருக்கிறது. தனி ஒருவரின் மனுவாக இருந்தால் அது அவருடைய சிக்கல் என்று ஒதுக்கப்படலாம். ஒரே குறையுள்ள பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, மாதம் ஒரு நாள் ஒரு பணியாளர் வந்து போனால் போதும் என்று கேட்டால், அதை அலுவலர் நிறைவேற்றுவதற்கு வசதியான கோரிக்கையாகிவிடும்.

தொடக்கத்தில் எழுதிய அந்தத் தாள் இதற்குள் ஒரு சிறு குறிப்பேடாக வளர்ந்திருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே நீங்கள் அதைக் கடைசியாகச் சரிபார்த்த நாளை எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அழைத்துப் பார்த்துத் திருத்துங்கள். ஒரு நகலை வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்த இடத்திலும், இன்னொன்றை நூலகரிடமோ செவிலியரிடமோ கொடுத்து வையுங்கள். உங்கள் குடும்பத்தின் பெயர்களும் நோய் விவரங்களும் உள்ள பக்கங்களை மட்டும் அந்த நகலிலிருந்து எடுத்துவிட மறக்க வேண்டாம்.